ஒண்ணுமில்ல, அண்ணி

பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், வெயில் எட்டிப்பார்க்காத ஒரு மூலையில், பன்னிரண்டு ஆண்டுகளாக அட்டை எழுதிக்கொண்டிருந்தவள் அவள். ஒரு புத்தகத்துக்கு ஓர் அட்டை: தலைப்பு, எழுதியவர், வெளியான ஆண்டு, எந்த அலமாரி, எத்தனையாவது தட்டு. அதனால் நூலகத்தில் எல்லோருக்கும் அவள் 'அட்டை அக்கா'. கணினி வந்து அட்டைகள் ஒழிந்த பிறகும் அந்தப் பெயர் ஒழியவில்லை. "ஒட்டிக்கிட்டா விடமாட்டாங்க, அதான் அந்தப் பேரு" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

ருஷ்ய மொழியோடு அவள் ஒட்டிக்கொண்டது இப்படித்தான். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் காலமானதும், அவர் வீட்டைக் காலிசெய்தவர்கள் நாற்பது பெட்டி ருஷ்யப் புத்தகங்களை நூலக வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஆளில்லை. "எப்படி அடுக்கினா என்ன? தலைகீழா வச்சாலும் கேக்க நாதியில்ல" என்றார் தலைமை நூலகர். அவளுக்கு மனசு கேட்கவில்லை. குழந்தைகளுக்கான எழுத்துப் புத்தகம் ஒன்று அந்தப் பெட்டிகளிலேயே கிடந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு மதிய இடைவேளைகளில் எழுத்துக் கூட்டினாள். அப்புறம் அகராதி, அப்புறம் இலக்கணம். நம் மொழியைப் போலவே அங்கும் பெயர்ச்சொல் வேற்றுமைக்கு வேற்றுமை வால் மாறுகிறது என்று கண்டதும் பாதிப் பயம் போய்விட்டது. ஒன்றரை வருஷத்தில் நாற்பது பெட்டியும் ஒழுங்காக அலமாரி ஏறின.

வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் எலெக்ட்ரீஷியன். அளந்து பேசுகிறவர். அவர்தான் ஒருநாள், "இவ்வளவு ஆசை இருக்குன்னா முறையா சேர்ந்து படியேன். வீட்டை நான் பாத்துக்கறேன்" என்றார். அதே பல்கலைக்கழகத்தில் ருஷ்ய, ஸ்லாவிய சமூகங்களைப் பற்றிய முதுகலைப் படிப்பு ஒன்று இருந்தது. ஊழியர்களுக்கென்று ஒதுக்கிய ஓர் இடம் அதில் ஆண்டுதோறும் காலியாகவே கிடந்தது. தன் முப்பத்தாறாவது வயதில் அவள் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

வகுப்பில் பதினோரு பேர். மற்ற பத்துப் பேருக்கும் அவள் வயதில் முக்கால்வாசிகூட இராது. காலையில் மொழி, மதியத்துக்கு மேல் சமூகப் பாடங்கள். கூட்டுப்பண்ணைகள் கலைந்த பின் கிராமங்களுக்கு என்ன ஆயிற்று, எல்லைக்கோடுகள் மாறியபோது ஒரே தெருக்காரர்கள் எப்படி வேறு வேறு நாட்டுக்காரர்கள் ஆனார்கள், எந்த மக்கள் எங்கே பிழைக்கப் போனார்கள் என்றெல்லாம். எழுத்துத் தேர்வு எதிலும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆய்வுக்கட்டுரைக்கு அவள் எடுத்தது, அந்நாட்டுத் தொழிற்சாலைகளில் ஒருகாலத்தில் சுவரில் ஒட்டிவைத்த கைப்பத்திரிகைகள். யார் நன்றாக வேலை செய்தார், யார் குடித்துவிட்டு வந்தார், யார் பொருளைப் பாழாக்கினார் என்று பேர் போட்டு எழுதியிருப்பார்கள். குற்றம் செய்தவர் பேருக்கு மேலே கொட்டை எழுத்தில் ஒரு சொல் இருக்கும்: வெட்கக்கேடு. அந்தச் சொல்லை அவள் நூற்றுக்கணக்கான தாள்களில் பார்த்திருக்கிறாள்.

பேச்சு மட்டும் அவளுக்கு வரவில்லை. அதற்கும் ஒரு காரணம் உண்டு. முதல் வாரத்தில், தன்னைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார் மொழி ஆசிரியை. "எனக்கு நூலகத்தில் உட்கார்ந்து எழுதப் பிடிக்கும்" என்று சொல்ல நினைத்தாள். ருஷ்ய மொழியில் அந்த வினையைக் கடைசி அசையில் அழுத்திச் சொன்னால் எழுதுவது. முதல் அசையில் அழுத்தினால் ஒன்றுக்குப் போவது. தனியாகப் புத்தகத்தில் படித்தவளுக்கு அழுத்தம் காதில் ஏறியிருக்குமா? அவள் முதல் அசையில் அழுத்தினாள். ஆசிரியை உதட்டைக் கடித்துக்கொண்டு, "அதற்கு நூலகத்தில் தனி அறை இருக்குமே" என்று ருஷ்ய மொழியிலேயே சொன்னார். தெரிந்த இரண்டு பேர் சிரித்து, தெரியாத எட்டுப் பேருக்கும் விளக்கி, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மறுநாளே எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவள் மறக்கவில்லை. இனி வாயைத் திறந்தால்தானே வம்பு என்று முடிவுகட்டினாள். ஆசிரியை ஏதாவது கேட்டால், புரிந்தாலும் புரியாவிட்டாலும் புன்னகையோடு தலையை ஆட்டிவைத்தாள். இத்தனை நன்றாக எழுதுகிறவளுக்குப் புரியாமலா இருக்கும் என்று ஆசிரியையும் விட்டுவிட்டார்.

இரண்டாம் ஆண்டில் ஸ்லாவிய மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் பாடம் வந்தது. பார்த்தால் ஒரே சொல், பொருள் மட்டும் நாட்டுக்கு நாடு வேறு என்றிருக்கும் அறுபது சொற்களைப் பட்டியலாக அச்சடித்துக் கொடுத்தார்கள். "முதல் இருபதுதான் தேர்வுக்கு வரும்" என்று மேல்வகுப்பு மாணவன் ஒருவன் சொன்னான். அவள் இருபதை நெட்டுருப் போட்டாள். இருபதும் வந்தன. முழு மதிப்பெண்.

இந்தக் கதையில் அவளைவிட முக்கியமான ஆள் அவளுடைய நாத்தனார், கணவரின் அக்கா. இவள் கூப்பிடுவது 'அண்ணி' என்று. ஊருக்கு வெளியே அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக வேலை. குரல் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. தாயில்லாத தம்பியைத் தானே வளர்த்து ஆளாக்கியவள். தம்பி மனைவி முதுகலையில் சேர்ந்ததும் அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க தம்பி பொண்டாட்டி ருஷ்ய பாஷையைத் தண்ணியா ஊத்துவா" என்று உணவுக்கூடத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவைத்திருந்தாள்.

அந்தப் பெருமைதான் வினையாகிப்போனது. தொழிற்சாலை வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய இயந்திரத்தை வாங்கியது. வெட்டின அட்டையை உள்ளே கொடுத்தால் மடித்து, பசை தடவி, உருளைகளுக்கு நடுவே அழுத்திப் பெட்டியாக வெளியே தள்ளும். அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு மெக்கானிக் வந்தார். அறுபதை நெருங்கியவர், ஸ்லோவாக்கியா நாட்டுக்காரர். மீசை இரண்டு கன்னத்திலும் வழிந்ததால் வந்த அன்றே பெண்கள் அவருக்கு 'மீசைக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தாய்மொழி போக அவருக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்தில் படித்த ருஷ்ய மொழி மட்டும். மேலாளர் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது அண்ணி முன்னால் போய் நின்றாள்: "நம்ம வீட்டுலயே ஆள் இருக்கு சார்!"

அண்ணி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், "எனக்குப் படிக்கத்தான் வரும் அண்ணி" என்றாள்.

"படிச்சவளுக்குப் பேச வராதா? சும்மா பிகு பண்ணாத. நான் வாக்குக் குடுத்தாச்சு."

அவள் தலையை ஆட்டினாள். பழக்கமாகிவிட்ட தலையாட்டல்.

முதல் நாள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே போனது. இயந்திரத்தின் கையேடு ருஷ்ய மொழியில் இருந்தது. அதை வரிவரியாகச் சொல்லிக்கொண்டே போனாள். மேலாளர் வாய் பிளந்து கேட்டார். மீசைக்காரர் பேசியதில் பாதி புரிந்தது. மீதியைக் கை காட்டிய திசையை வைத்து ஊகித்துக்கொண்டாள். இரண்டாம் நாள் மதியம், உணவுக்கூடத்தில் அவருக்கு ரொட்டியும் சூப்பும் வைத்தார்கள். ரொட்டியைப் பிய்த்து முகர்ந்துபார்த்து, ஒரு சொல்லைச் சொல்லித் தலையசைத்தார். ருஷ்ய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'காய்ந்துபோனது' என்று பொருள்.

"என்ன சொல்றாரு?" என்றாள் பரிமாறிய சமையல்காரப் பெண்மணி.

"ரொட்டி காஞ்சுபோச்சாம்" என்றாள் இவள், மெதுவாக.

"காஞ்சுபோச்சா? இப்பதான் சுட்டது! தொட்டா சுடுதே!" என்று அந்த அம்மாள் தட்டையே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மீசைக்காரர் திகைத்துப்போய், காலியான கையையும் போகிற தட்டையும் பார்த்தார். பசியில் அவர் முகம் சின்னப்பிள்ளை முகம்போல ஆனது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: அவருடைய மொழியில் அந்தச் சொல்லுக்குப் 'புத்தம் புதியது' என்று பொருளாக இருக்கலாம். எழுந்துபோய், "தப்பா சொல்லிட்டேன்மா, ரொட்டி நல்லா இருக்குங்கறார்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் அண்ணி இருந்தாள், மேலாளர் இருந்தார். சிரிப்பார்கள். சூப்பைக் குனிந்து குடித்தாள். அன்று வீட்டுக்குப் போனதும் அந்த அறுபது சொற்களை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். போனாள், துணி துவைத்தாள், பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, சோதனை ஓட்டம். மீசைக்காரர் இயந்திரத்தின் பின்பக்கம் பலகையைத் திறந்து, விட்டு விட்டு ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் அண்ணி. நடுவில், இரண்டு பேரும் கண்ணில் படுகிற இடத்தில் இவள். அட்டை உருளையில் சிக்கிச் சிக்கி நின்றது. இரண்டு தடவை அண்ணி கையால் இழுத்து விடுவித்தாள். மூன்றாவது தடவையும் சிக்கியது. அண்ணி குனிந்து விரலை உள்ளே விட்டாள். பின்னாலிருந்து மீசைக்காரர் சத்தமாக ஒரு சொல்லைச் சொன்னார். உடனே இன்னொரு தடவை சொன்னார்.

'வெட்கக்கேடு' என்று அவள் காதில் விழுந்தது. சுவர்ப் பத்திரிகைகளில் நூறு தடவை படித்த அதே சொல். அட்டை மூன்று தடவை சிக்கிவிட்டதல்லவா, மனுஷர் கடுப்பில் திட்டுகிறார் என்று நினைத்தாள்.

அண்ணி கையை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினாள். "என்னம்மா சொல்றார்?"

எப்படிச் சொல்வது? பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவளைப் பார்த்து, அத்தனை பேர் எதிரில், 'வெட்கக்கேடுன்னு சொல்றார் அண்ணி' என்றா?

"ஒண்ணுமில்ல, அண்ணி" என்றாள். "நீங்க பாருங்க."

உருளை சுழன்றது.

சத்தத்தை அவள் பிறகு யாரிடமும் விவரித்ததில்லை. மீசைக்காரர்தான் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாய்ந்து வந்தார், உருளையைப் பின்னால் சுற்றிக் கையை வெளியே எடுத்தார், தன் சட்டையைக் கிழித்துக் கட்டினார். கட்டிக்கொண்டே, வெளுத்த முகத்தோடு, அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் உள்ளங்கையை விரித்து முன்னால் நீட்டி, 'நில்' என்பதுபோலக் காட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தடவை ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. 'கவனம்' என்று எச்சரித்திருக்கிறார். அவசரத்தில் பள்ளிக்கூட ருஷ்யம் மறந்து, தாய்மொழி வந்திருக்கிறது.

வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் முதல் கணு வரை போய்விட்டன. ஆம்புலன்ஸில் இவள்தான் கூடப் போனாள். அந்த வலியிலும் அண்ணி, "பயப்படாதம்மா, நீ ஏன் இப்படி நடுங்கற" என்று இவளைத் தேற்றினாள்.

வீடு திரும்பியதும், துணிகூட மாற்றாமல், கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். முப்பத்தொன்றாவது சொல். ருஷ்யம்: வெட்கக்கேடு. ஸ்லோவாக்: கவனம், எச்சரிக்கை. அடியில் பொடி எழுத்தில் ஆசிரியையின் குறிப்பு: ருஷ்யர் வாயில் இது 'பஸோர்' என்று ஒலிக்கும், அழுத்தம் பின்னால், ஸ்லோவாக்கியர் வாயில் 'போஸோர்', அழுத்தம் முன்னால். மீசைக்காரர் சொன்னது போஸோர். இரண்டு தடவையும் தெளிவாக, போஸோர். காதுள்ள எவரும் வித்தியாசத்தைப் பிடித்திருப்பார்கள். அவளுக்கு இருந்தது கண் மட்டும்.

இதுவரை நடந்தது தவறு. மறுநாள் நடந்ததற்கு அந்தப் பெயரும் பொருந்தாது.

மேலாளர் அறையில் விசாரணை. மேலாளர், மேற்பார்வையாளர், மீசைக்காரர். மொழிபெயர்க்க அவள். மேற்பார்வையாளர் கேட்டார்: "மெஷினைப் போடறதுக்கு முன்னாடி ஏன் எச்சரிக்கை பண்ணலன்னு கேளுங்க."

கேட்டாள். மீசைக்காரர், அவளுக்குப் புரிய வேண்டுமே என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "இரண்டு தடவை சொன்னேன். கவனம் என்று சொன்னேன். அந்த அம்மாள் இவரிடம் ஏதோ கேட்டார். இவர் ஏதோ பதில் சொன்னார். அந்த அம்மாள் கையை எடுத்துவிட்டார் என்று நினைத்தேன்."

ஒரு சொல் விடாமல் புரிந்தது. படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து, பேசிக் கேட்டு இவ்வளவு தெளிவாக அவளுக்கு எதுவும் புரிந்ததில்லை.

"ஏதோ சொன்னதா சொல்றார்" என்றாள் அவள். "அவர் பாஷைல."

"உங்க காதுல விழுந்துச்சா?"

"மெஷின் சத்தம்..." என்று மென்று விழுங்கினாள். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மேற்பார்வையாளர் எழுதிக்கொண்டார்.

மீசைக்காரருக்கு அவர்கள் பேசியது புரியாது. ஆனால் தான் சொன்ன அத்தனைக்கும் இவள் சொன்னது எத்தனை சின்னது என்று அளவு தெரியாதா? அவளையே பார்த்தார். திட்டவில்லை. "உங்கள் காதில் விழுந்ததே" என்றார் ருஷ்ய மொழியில், அவ்வளவுதான்.

"இப்ப என்ன சொல்றார்?" என்றார் மேலாளர்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

இரண்டாவது தடவை. மூன்று நாளில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'முன்னெச்சரிக்கையின்றி இயந்திரத்தை இயக்கியவர்' என்று அறிக்கை அவருடைய கம்பெனிக்குப் போனது.

அடுத்த இரண்டு மாதம் அவள் எப்படி நடமாடினாள் என்று அவளுக்கே தெரியாது. வகுப்புக்குப் போனாள், வந்தாள். ஆய்வுக்கட்டுரைக்கு உட்கார்ந்தால் தாளுக்குத் தாள் அந்தக் கொட்டை எழுத்துச் சொல் நின்றது. முன்பெல்லாம் அதன் கீழே யார் பேர் இருக்கிறது என்று குறிப்பெடுப்பாள். இப்போது அந்தப் பேர்களுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருந்திருக்கும், அவர்கள் அந்தச் சுவரைத் தாண்டித்தானே தினமும் போயிருப்பார்கள் என்று நினைப்பு ஓடியது. பேனா நகராது.

அதைவிடக் கொடுமை, அண்ணியின் அன்பு. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "இவ மட்டும் அன்னிக்குக் கூட இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேனோ" என்று இவள் தோளில் கட்டுப்போட்ட கையை வைப்பாள். அடுத்த மூச்சில், "அந்த மீசைக்காரப் பாவி விளங்குவானா!" என்பாள். இவள் காப்பி கொண்டுவருகிற சாக்கில் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள்.

கட்டுப் பிரித்த வாரம், அண்ணி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நேரே வந்தாள்.

"உக்காரு. அவன் கம்பெனிக்கு ஒரு கடுதாசி எழுதணும். இனிமே அவன் எந்த மெஷினையும் தொடக் கூடாது, எந்த ஊருக்கும் போகக் கூடாது. இன்னொருத்தி விரல் போகக் கூடாதில்ல? நல்லா நறுக்குன்னு எழுது. எழுத்துல உன்னை மிஞ்ச ஆள் உண்டா?"

"சரி அண்ணி" என்றாள்.

உட்கார்ந்து எழுதவும் எழுதினாள். அதுதான் அவளால் இன்றுவரை நம்ப முடியாதது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, பிழையில்லாத, அழகான நான்கு வாக்கியங்கள். ஐந்தாவது வாக்கியம், 'அவர் எந்த எச்சரிக்கையும் செய்யவில்லை' என்று வர வேண்டும். 'அவர்' என்று எழுதினாள். கை நின்றுவிட்டது. வேலையிலிருந்து திரும்பிய வீட்டுக்காரர் பார்த்தபோது அவள் அந்த ஒற்றைச் சொல்லுக்கு எதிரே பேயறைந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

அவரிடம் சொன்னாள். ரொட்டியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும்.

அவர் கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டார். முடிந்ததும் பையைக் கீழே வைத்தார். "அக்கா எனக்கு அம்மா மாதிரி" என்றார். "நான் போய் சொல்லமாட்டேன். மறைக்கவும் மாட்டேன். நீயே சொல்லு."

"என்னை வெறுத்துருவாங்க."

"வெறுக்கலாம்" என்றார். ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அதற்காக அப்போது அவர்மேல் கோபம் வந்தது.

மறுநாள் காலை அண்ணி வீட்டுக்குப் போனாள். அண்ணி இடது கையால் தரையைப் பெருக்கப் பழகிக்கொண்டிருந்தாள். கடிதம் எங்கே என்று கேட்டாள். இவள் நின்றபடியே சொன்னாள். அவர் இரண்டு தடவை எச்சரித்தது, தான் அதைத் திட்டு என்று நினைத்தது, 'ஒண்ணுமில்ல, நீங்க பாருங்க' என்று சொன்னது, விசாரணையில் தெரிந்தே விழுங்கியது. ஒரு இடத்தில், "உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்துவிட்டு, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற பேச்சு என்று தானே உணர்ந்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அண்ணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அத்தனை பெரிய குரல்காரி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டாள்:

"அப்ப, அந்த ஆள் சொன்னாரா?"

"சொன்னார் அண்ணி. ரெண்டு தடவை."

"ரெண்டு மாசமா அந்த மனுஷனுக்குச் சாபம் விட்டுக்கிட்டிருக்கேன் நான்." கையை மடியில் வைத்து அதையே பார்த்தாள். "சட்டையைக் கிழிச்சுக் கட்டினான். அவனைப் போய்..." இவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "தெரியலன்னு சொல்றதுக்கு உனக்கு என்னடி கேடு? தெரியல அண்ணி, கொஞ்சம் கையை எடுங்கன்னு சொல்லியிருந்தா உன் படிப்பு கொறைஞ்சா போயிருக்கும்?"

அண்ணி துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்தாள்.

"நாளைக்கு ஃபேக்டரிக்கு வா. அங்க சொல்லு. அப்புறம் அந்த ஆள்கிட்டயும் சொல்லு."

"அவருக்குக் கடிதம் எழுதிடறேன் அண்ணி."

"எழுதாத" என்றாள் அண்ணி. "எழுதறது உனக்குச் சுலபம். ஃபோன் பண்ணிப் பேசு. என் முன்னாடி பேசு."

தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் சலித்துக்கொண்டார். "கேஸ் முடிஞ்சு ஃபைல் கட்டியாச்சு. இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். அண்ணி தன் கையை அவருடைய மேஜைமேல், அந்த ஃபைலின்மேல் வைத்தாள். அவர் ஃபைலைப் பிரித்தார். அவள் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த இரண்டு பக்கத்தைப் பழைய அறிக்கையோடு சேர்த்து, ஒரு படியை அந்தக் கம்பெனிக்கும் அனுப்பினார்கள். உணவுக்கூடத்தைத் தாண்டி வெளியே வரும்போது, விஷயம் அதற்குள் பரவியிருந்தது. தலைநிமிராமல் நடந்தாள். சமையல்கார அம்மாளிடம் மட்டும் நின்று, "அன்னிக்கு ரொட்டி நல்லா இருக்குன்னுதான் சொன்னார்மா. நான்தான் தப்பா சொன்னேன்" என்றாள். அந்த அம்மாள், "இப்ப வந்து சொல்றியா?" என்றுவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

ஃபோன் பேசியது அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அண்ணி வீட்டுக் கூடத்தில். அவருடைய ஃபோன் நம்பரை அவர் கம்பெனியில் கேட்டு வாங்கியிருந்தாள். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தாள். அண்ணி அந்தத் தாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். மணி அடித்தது. முதலில் ஒரு பெண்ணின் குரல், பிறகு அவர்.

தான் யார் என்று சொன்னாள். பேசினாள். வேற்றுமையெல்லாம் தாறுமாறாகப் போயிற்று, வினைகள் காலம் மாறின. 'நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குப் புரியவில்லை. புரிந்ததாகக் காட்டிக்கொண்டேன். விசாரணையில் பொய் சொன்னேன். குற்றம் உங்களுடையது இல்லை' என்பதை மட்டும் எப்படியோ கொண்டுசேர்த்தாள்.

அப்புறம் அவர் வேகமாக, தன் மொழியும் ருஷ்யமும் கலந்து, எதையோ சொன்னார். ஒன்றும் பிடிபடவில்லை. வழக்கம்போல் 'ஆம், ஆம்' என்று வாய்வரை வந்தது. எதிரே அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் புரியவில்லை" என்றாள் ருஷ்ய மொழியில். முகம் காதுவரை சுட்டது. "தயவுசெய்து இன்னொரு தடவை சொல்லுங்கள்."

சொன்னார். மறுபடியும் புரியவில்லை என்றாள். நாலு தடவை சொல்லவைத்தாள். நாலாவது தடவை மிக மெதுவாக, அலுப்போடு சொன்னார்.

"என்ன சொல்றார்?" என்றாள் அண்ணி.

"அவரை வெளியூர் வேலைக்கு அனுப்பறதில்லையாம். உதிரி பாகம் வைக்கிற கிடங்குல உக்கார வச்சிருக்காங்களாம். என்மேல கோபம் இருக்குன்னு சொல்றார். மன்னிச்சேன்னு சொல்லமாட்டாராம். ஆனா..." ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். "உங்க கை எப்படி இருக்குன்னு கேக்கறார்."

அண்ணி சற்று யோசித்தாள். "குளுருக்குத்தான் குத்துது, மத்தபடி பரவாயில்லன்னு சொல்லு. சாபத்தையெல்லாம் திரும்ப வாங்கிக்கிட்டேன்னும் சொல்லு."

இரண்டாவது வாக்கியத்தை ருஷ்ய மொழியில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தெரியவில்லை என்று அண்ணியிடம் சொன்னாள். "அப்ப முதல்ல சொன்னதை மட்டும் சொல்லு" என்றாள் அண்ணி.

அவரைக் கம்பெனி மறுபடி வெளியூர் அனுப்பியதா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவள் கொடுத்த இரண்டு பக்கத்துக்கு அங்கிருந்து பதில் வரவில்லை. கேட்டு எழுத அவளுக்குத் துணிவும் வரவில்லை.

படிப்பை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். மொழி ஆசிரியையிடம் போய், இத்தனை நாள் வகுப்பில் பாதி தனக்குப் புரியவே இல்லை என்று ஒப்புக்கொண்டாள். ஆசிரியை அதிர்ந்துபோனார். எனக்கும் இதில் பங்குண்டு, கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றார். பேச்சுத் தேர்வுக்கு அந்த ஆண்டு வர வேண்டாம், முதலாண்டு பேச்சு வகுப்பில் முதலிலிருந்து உட்கார் என்று ஏற்பாடு செய்தார். புதுப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்து, 'இது பேனா, அது ஜன்னல்' என்றாள். புரியாதபோதெல்லாம் கையைத் தூக்கினாள். ஒவ்வொரு தடவையும் கூசியது. பழகிப்போகும் என்றார்கள், பழகவில்லை. பட்டம் ஓராண்டு தாமதமாக, சுமாரான மதிப்பெண்ணோடு வந்தது. நூலகத்தில் அதே கீழ்த்தளம், அதே மூலை.

அந்த ஓராண்டும் அண்ணி அவளோடு பேசாமல் இல்லை. கேட்டால் பதில் சொல்வாள், வந்தால் உட்காரச் சொல்வாள். ஆனால் பழைய உரிமை போய்விட்டது. எது வேண்டுமானாலும் தம்பியைத்தான் கூப்பிடுவாள். இவள் பக்கத்திலேயே நின்றாலும், அந்த அறையிலிருந்து அவரைத்தான் கூப்பிடுவாள். இவளுடைய படிப்பைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் சொல்வதில்லை. யாராவது கேட்டால், "அவளையே கேளுங்க" என்பாள்.

பட்டம் வந்த சில வாரங்களுக்குப் பிறகு, ஒரு காலையில் ஏதோ கொடுக்கப்போனவள் அண்ணி வீட்டில் நின்றிருந்தாள். அண்ணி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்குச் சரக்குப் பிரிவில் வேலை. மேல்கோட்டின் இடது கை மணிக்கட்டுப் பொத்தானை வலது கையால் போட முயன்று, அது நழுவி நழுவிப் போனது. மூன்று விரலுக்கு அந்தப் பொத்தான் பொடிசு. இவள் உதவப் போகாமல் நின்றாள். கேட்காமல் தொட அவளுக்குத் துணிவில்லை.

அண்ணி பல்லால் துணியை இழுத்துப் பார்த்தாள். பிறகு, இவள் முகத்தைப் பார்க்காமலே, கையை நீட்டினாள்.

"இதைப் போட்டுவிடு" என்றாள்.

அவள் போட்டாள். இரண்டு தடவை நழுவியது. துணியை இழுத்துப் பிடித்திருந்த வலது கையின் அந்த இரண்டு விரல்களும் கண்ணெதிரே, அத்தனை பக்கத்தில் இருந்தன.

"சீக்கிரம்மா" என்றாள் அண்ணி. "பஸ் போயிடும்."